ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், யூரிக் ஆசிட் 6.3. பிறகு ஏன் விரல் வீங்குகிறது?

வந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அம்மாவுக்கு வயது 51. மூன்று மாதமாக இரண்டு கை விரல்களும் வீங்கி வலிக்கின்றன. காலையில் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் பரவாயில்லை. மோதிரம் கழற்ற வரவில்லை. லேபில் பார்த்ததில் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், யூரிக் ஆசிட் 6.3. முடக்குவாதம் இல்லை, யூரிக் ஆசிட்தான், பருப்பை நிறுத்துங்கள் என்கிறார்கள். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை போட்டால் சரியாகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. வேறு என்ன காரணமாக இருக்கும்?"

முதலில் அந்த ரிப்போர்ட்டை மடித்து வையுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் பொது மருத்துவம் பார்க்கிறேன். விரல் வலி என்று வருகிறவர்கள் கையை நீட்டுவதற்கு முன்னால் காகிதத்தைத்தான் நீட்டுகிறார்கள். உங்கள் கேள்வியில் இருக்கிற இரண்டு எண்களைவிட, பத்து மணிக்கு மேல் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு அதிகம் சொல்கிறது.

விரல் வீக்கத்தில் நாங்கள் பார்ப்பது எந்த மூட்டு, எந்த நேரம், தொட்டால் கல் மாதிரியா பஞ்சு மாதிரியா என்பதைத்தான். கட்டைவிரலைத் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மூன்று மூட்டு. நகத்துக்குக் கீழே இருப்பது நுனி மூட்டு. அதற்கடுத்தது நடு மூட்டு. கையை முஷ்டி மடக்கினால் மேடாகத் தெரிகிறதே, அது அடி மூட்டு. இந்த மூன்றில் எது வீங்கியிருக்கிறது என்பதை வைத்தே பாதி நோயைப் பிரித்துவிடலாம்.

அம்மா காலையில் எழுந்ததும், மாத்திரை போடுவதற்கு முன்னால், கையை மேஜைமேல் குப்புற வைக்கச் சொல்லுங்கள். அடி மூட்டுகளுக்கு இடையில் இருக்க வேண்டிய பள்ளங்கள் தெரிகின்றனவா, நிரவிப்போயிருக்கின்றனவா? அப்புறம், கை குலுக்குகிற மாதிரி அவர் கையைப் பிடித்து, நான்கு அடி மூட்டுகளையும் பக்கவாட்டில் மெதுவாக ஒருமுறை அழுத்துங்கள். மெதுவாகத்தான். நல்ல கையில் இது வலிக்காது. 'ஸ்ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டால் உள்ளே மூட்டுச் சவ்வு அழன்றிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நடு மூட்டை இரண்டு விரலால் தொட்டுப் பாருங்கள். பழுத்த திராட்சையைத் தொடுவதுபோல மெத்தென்று இருந்தால் ஒரு கதை, கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக இருந்தால் வேறு கதை.

மெத்தென்ற வீக்கம், இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே மூட்டுகள், அடி மூட்டும் நடு மூட்டும் மணிக்கட்டும் பாதிக்கப்பட்டு நுனி மூட்டு மட்டும் தப்பித்திருப்பது, காலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இறுக்கம், ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பது: இவை எல்லாம் சேர்ந்தால் நாங்கள் முதலில் நினைப்பது முடக்குவாதத்தை. ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நோயாளிகள் இதை 'வலி' என்று சொல்வதைவிட வேலையாகச் சொல்வார்கள். ஈரத்துணியைப் பிழிய முடியலை, கொசுவம் மடிக்க விரல் வரமாட்டேங்குது, ஜாக்கெட் ஊக்கு போட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கு. வெந்நீரில் கையை வைத்தால் கொஞ்சம் இளகும், வேலை செய்யச் செய்யச் சரியாகும். மூட்டுத் தேய்மானத்தில் இது தலைகீழ்: காலையில் கால் மணி நேரம் இறுக்கம் இருக்கும், வேலை செய்யச் செய்ய வலி கூடும்.

சரி, முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்திருக்கிறதே? அதனால் ஒன்றும் முடிந்துவிடவில்லை. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தப் பரிசோதனை நெகட்டிவாகவே இருக்கும். நோயின் ஆரம்ப மாதங்களில் இன்னும் அதிகம் பேருக்கு. மறுபக்கமும் உண்டு. ஒரு தொந்தரவும் இல்லாத வயதானவர்களுக்கும், காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கும் இது பாசிட்டிவாக வரும். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் ஆர்.ஏ. பாசிட்டிவ் வந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களை, கையைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இதைவிட நம்பகமானது; அது பாசிட்டிவாக வந்தால் பெரும்பாலும் நோய் இருக்கிறது என்றே அர்த்தம். அதுவும் நெகட்டிவாக இருந்து, மூட்டு மட்டும் வீங்கியே இருந்தால்? அப்போதும் கை சொல்வதுதான் கணக்கு. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சி எவ்வளவு என்று காட்டும், என்ன நோய் என்று சொல்லாது. எக்ஸ்ரே ஆரம்பத்தில் சுத்தமாக இருக்கும். மூட்டை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் சவ்வு தடித்திருப்பது முன்கூட்டியே தெரியும்.

யூரிக் ஆசிட் விஷயத்துக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ரத்தத்தில் யூரிக் ஆசிட் உப்பு படிகமாகத் தொடங்கும் அளவு சுமார் 6.8 மில்லிகிராம். 6.3 அதற்குக் கீழே. பெண்களுக்கான வழக்கமான வரம்பைக் கொஞ்சம் தாண்டியதும் லேப்காரர் தடித்த எழுத்தில் அச்சடித்துவிடுகிறார், வீட்டில் பருப்பு நின்றுபோகிறது. அந்தப் படிகங்கள் மூட்டில் சேர்ந்து வருகிற வாதத்துக்குத்தான் கவுட் என்று பெயர். யூரிக் ஆசிட் கூடியிருக்கிற பலருக்கு வாழ்நாள் முழுக்க கவுட் வருவதேயில்லை. கவுட் வரும்போது அது வருகிற விதமே வேறு. பெரும்பாலும் காலின் பெருவிரல் மூட்டில்தான் முதல் அடி. ராத்திரி நன்றாகத் தூங்கியவர் விடிகாலையில் போர்வை பட்டால்கூட அலறுவார்; மூட்டு சிவந்து, மினுமினுவென்று, தொட்டால் சுடும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு இது அபூர்வம். விரலில் கவுட் வருவது பொதுவாகப் பல வருஷமாக நோய் இருப்பவர்களுக்கு. அல்லது ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் வயதான பெண்களுக்கு, ஏற்கெனவே தேய்ந்த மூட்டுகளில். அம்மா அப்படி ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் கவுட் வாய்ப்பைக் கூட்டின. பருப்பு, பட்டாணி, கீரை, காளான் கூட்டவில்லை. பால் பொருட்கள் குறைக்கவே செய்தன. உண்மையிலேயே கவுட் உள்ளவருக்கே சாம்பாரை நிறுத்த வேண்டியதில்லை என்றால், அம்மாவுக்கு எதற்கு? சைவச் சாப்பாட்டில் இருக்கிற புரதமே அதுதான்.

இன்னொரு கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்னால், இந்த வலி தொடங்கும்போது, காய்ச்சல் வந்ததா? உடம்பில் தடிப்பு? தெருவில் மற்றவர்களுக்கும் காய்ச்சல் இருந்ததா? ஆமாம் என்றால் சிக்குன்குன்யாவை நினைக்க வேண்டும். 1952-ல் தான்சானியாவின் தெற்கே மகோண்டே மக்களிடையே பரவியபோது கண்டறிந்த நோய். உடம்பை வளைத்துப் போடுவது என்ற பொருளில் அவர்கள் மொழியில் வைத்த பெயர்தான் இது. 1964-லேயே சென்னைக்கும் வேலூருக்கும் வந்துவிட்டுப் போன வைரஸ்; நாற்பது வருஷம் கழித்து 2006-ல் திரும்ப வந்தபோதுதான் நம் ஊர் ஆட்கள் பெயரை மனப்பாடம் செய்தார்கள். காய்ச்சல் நாலைந்து நாளில் போய்விடும், விரல், மணிக்கட்டு, கணுக்கால் வலி போகாது. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷத்தையும் தாண்டி. பார்ப்பதற்கு அச்சு அசல் முடக்குவாதம் மாதிரியே இருக்கும், காலை இறுக்கம் உட்பட. அந்தக் காய்ச்சல் கதையைக் கேட்காமல் பிரிப்பது கஷ்டம். அதனால்தான் மருத்துவரிடம் போகும்போது தொடங்கிய தேதியை எழுதிக்கொண்டு போகச் சொல்வேன்.

இப்போது அந்தக் கொட்டைப்பாக்கு. 50 வயதை ஒட்டிய பெண்களுக்கு நுனி மூட்டில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன எலும்பு மேடு வரும். வருகிற காலத்தில் சிவந்து வலிக்கும், வந்து முடிந்ததும் வலி குறைந்து மேடு மட்டும் நிற்கும். விரல் நுனி கொஞ்சம் கோணும். அம்மாவின் அம்மாவுக்கும் விரல் அப்படித்தானே இருந்தது என்று யாராவது சொல்வார்கள்; குடும்பத்தில் வருவது இது. தேய்மான வாதத்தின் ஒரு வகை. 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவரின் பெயரால் இதை ஹெபர்டன் கணுக்கள் என்கிறோம். அவர் இறந்தபின் 1802-ல் அச்சான குறிப்புகளிலேயே, இந்தக் கணுக்களுக்கும் கவுட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறார். இருநூறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நாம் நுனி மூட்டு மேட்டைப் பார்த்ததும் யூரிக் ஆசிட்டுக்கு எழுதித் தருகிறோம்.

சொடக்கு எடுத்ததால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று சிலர் கேட்பார்கள். இல்லை. டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர், சின்ன வயதில் அம்மா திட்டியதைச் சோதிக்கிறேன் என்று, ஐம்பது வருஷத்துக்கு மேல் இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்து வலது கையோடு ஒப்பிட்டு, இரண்டிலும் வாதம் இல்லை என்று 1998-ல் எழுதினார். அதற்காக 2009-ல், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் வாங்கினார். ஒரே ஒரு ஆள் ஆய்வுதான், ஆனால் வீட்டில் சண்டையை முடிக்க உதவும்.

ஒரே ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை சீராகப் பருத்து வாழைப்பழம் மாதிரி ஆகியிருந்தால், தலைமுடிக்குள், முழங்கையில், தொப்புளில் செதில் செதிலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோரியாசிஸ் உள்ளவர்களில் சிலருக்கு அதோடு சேர்ந்த மூட்டுவாதம் இப்படித்தான் வரும். நகத்தில் ஊசியால் குத்திய மாதிரி பொடிப் பள்ளங்கள் இருக்கும். பொடுகு என்று நினைத்து ஷாம்பு மாற்றிக்கொண்டிருந்தவரின் விரல் வீக்கத்துக்கு, காதுக்குப் பின்னால் இருந்த செதிலைப் பார்த்து விடை கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. முடக்குவாதத்தில் தப்பிக்கிற நுனி மூட்டு இதில் மாட்டிக்கொள்ளும்.

சில சமயம் வீங்கினது மாதிரி தோன்றும், பார்த்தால் வீக்கமே இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு மரத்துப்போய் விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறது, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுவது. கார்பல் டனல் என்பார்கள். தைராய்டு குறைவு, சர்க்கரை, கர்ப்பம் இந்த மூன்றிலும் அதிகம். தைராய்டு குறைந்தால் விரல் உண்மையாகவே ஊதவும் செய்யும், முகமும் உப்பும், உடம்பு போடும். 51 வயதுப் பெண்ணுக்கு டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை பார்க்காமல் விரல் வலிக்கு மருந்து எழுதுவது எனக்கு வழக்கமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் இரண்டு தொந்தரவு: விரல் மடங்கி, 'டக்' என்று பூட்டிக்கொண்டு, மறுகையால் நிமிர்த்த வேண்டியிருப்பது; தோல் தடித்து விரல் விறைத்துப்போவது. கை கூப்பிக் கும்பிடச் சொன்னால் இரண்டாவது வகையினருக்கு உள்ளங்கையும் விரலும் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழும்.

ஊதின விரல்கள் ஃபிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்ததும் வெளுத்து, பிறகு நீலமாகி, கடைசியில் சிவந்தால், அதைச் சாதாரணக் குளிர் என்று விடக்கூடாது. தோலும் உள்ளுறுப்பும் இறுகிப்போகிற ஸ்க்ளிரோடெர்மாவின் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம். இளம் பெண்ணுக்கு விரல் வலியோடு முடி கொட்டுவது, வாய்ப்புண், வெயில் பட்டால் முகத்தில் சிவப்பு எல்லாம் சேர்ந்தால் லூபஸை நினைக்க வேண்டும்; எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிற இன்னொரு நோய் அது. இரண்டுக்கும் ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்த பக்கத்துக் கை மட்டும் வீங்குவது நிணநீர் தேங்குவதால். அது மூட்டு விஷயமே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வாரம் தள்ளினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அன்றைக்கே ஓட வேண்டியது ஒன்று உண்டு. மீன் அரியும்போது முள் குத்தியது, முள்ளு மரம் கீறியது, ஊசி ஏறியது, இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு விரல் முழுக்க வீங்கி, பாதி மடங்கின நிலையில் நிற்கிறது, உள்ளங்கைப் பக்கம் தொட்டால் உயிர் போகிறது, யாராவது லேசாக நிமிர்த்தினால் கத்துகிறார்: தசைநாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. சிகாகோ அறுவை மருத்துவர் ஆலன் கனாவல் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்த அறிகுறிகள் இவை, இன்றும் இதைப் பார்த்துத்தான் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புகிறோம். மாத்திரை போட்டு வீட்டில் காத்திருந்தால் விரல் மடங்கும் திறனே போய்விடும். சர்க்கரை நோயாளிக்கு விரலே போகலாம். வெறும் நகச்சுற்று வேறு. நகத்தோரம் சிவந்து விண்விண் என்று தெறிக்கும். அதற்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொள்வது நம் வீட்டு வழக்கம். குளிர்ச்சியாக இருக்கும், நானும் சின்ன வயதில் மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஆனால் சீழ் கட்டிவிட்டால் எலுமிச்சை எடுக்காது, சின்னதாகக் கீறிவிட்டால்தான் அடங்கும்.

அந்த மெடிக்கல் மாத்திரைக்கு வருகிறேன். அதன் அட்டையை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் என்று இருந்தால் அது வலிமாத்திரை. மூன்று மாதம் தினமும் போடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் நல்லதல்ல. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அட்டையே இல்லாமல் பொட்டலமாகக் கொடுத்திருந்தால் எனக்கு இன்னும் சந்தேகம். மூலிகைப் பொடி என்று விற்கப்படுவதிலும் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது. போட்டதும் சரியாகிறது என்பதில் ஆச்சரியமில்லை. 1948-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், படுக்கையில் கிடந்த முடக்குவாத நோயாளிப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டபோது அவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-லேயே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள். நாள் ஆக ஆகத்தான் முகம் உப்புவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு பொடிவதும் தெரியவந்தது. ஸ்டீராய்டை நாங்களும் தருகிறோம், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை. ஒரு எச்சரிக்கை: அம்மா சாப்பிட்டது ஸ்டீராய்டு என்று தெரிந்தால் இதைப் படித்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டதை மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கமாகிவிடும்.

நான் பார்க்காத கைக்கு நோய்ப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால், முன்னால் காய்ச்சல் வராத பட்சத்தில், என் பணம் ஆரம்ப நிலை முடக்குவாதத்தின் மேல்தான். அதற்கு மூட்டுவாத நிபுணர், ருமட்டாலஜிஸ்ட், பார்க்க வேண்டும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. வெளியூரில் இருந்தால் முதலில் பொது மருத்துவரிடம் காட்டி அனுப்பச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள். நோய் தொடங்கி முதல் மூன்று மாதத்தில் சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டு அரிக்காமல் காப்பாற்ற வாய்ப்பு மிக அதிகம், அம்மா அந்த எல்லையில்தான் நிற்கிறார்.

பெரும்பாலும் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்சேட். ஒரு விஷயத்தைக் காலண்டரில் எழுதியே வையுங்கள்: அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் என்று தவறாக எண்ணிச் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, உயிருக்குப் போராடியவரை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் கிழமை எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் தருவார்கள், அவ்வப்போது ரத்தமும் ஈரலும் பரிசோதிப்பார்கள். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில், இது கேட்கவில்லை என்று மெடிக்கலுக்குத் திரும்ப ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக அந்த மோதிரம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, இன்றைக்கே கழற்ற வேண்டியது அது. வீக்கம் கூடினால் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கையைக் கொஞ்ச நேரம் தலைக்கு மேல் தூக்கி வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்பு போட்டு முயலுங்கள். வரவில்லையா, நல்ல நீளமான நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் ஹேர்பின்னால் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் கொண்டுவாருங்கள். மறுமுனையை மோதிரத்தை ஒட்டியபடி ஆரம்பித்து, நடு மூட்டைத் தாண்டும்வரை விரலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு உள்ளங்கைப் பக்கத்து முனையை விரல் நுனி திசையில் இழுத்து இழுத்துப் பிரித்தால், நூல் பிரியப் பிரிய மோதிரம் அதன்மேல் ஏறி வெளியே வரும். கொஞ்சம் வலிக்கும். விரல் நிறம் மாறியிருந்தாலோ மரத்திருந்தாலோ இந்த வித்தையெல்லாம் வேண்டாம். நேராக மருத்துவமனையிலோ தீயணைப்பு நிலையத்திலோ வெட்டி எடுத்துவிடுங்கள். பத்தர் அதைப் பின்னால் ஒட்டித் தந்துவிடுவார். வீக்கம் முழுசாக வடியும்வரை அவரிடம் புது அளவு மட்டும் கொடுக்க வேண்டாம்.